தண்ணீர் குறைந்தால் வேலையும் குறையும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர் பாதி நேரம் ஈரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. வீட்டுக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் பூஞ்சணம் அடங்கியிருக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் வீடுகள் பெரும்பாலான நாள் அந்த அளவுக்கு வெகு மேலே இருக்கின்றன. அலமாரியில் மடித்து வைத்த பட்டுப் புடவையில் வெள்ளைப் புள்ளி, குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புக் கோடு, மெத்தையில் உண்ணிப் பூச்சி, துடைத்த மறுநாளே தரையில் பிசுபிசுப்பு: தனித்தனித் தொல்லைகளாகத் தெரியும் இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். ஆகவே புதிய கருவி, புதிய பொருள் என்று எதை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது வீட்டில் தண்ணீரைக் கூட்டுமா குறைக்குமா என்பதே. இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை.

நம் கை பழகியது இதற்கு நேர் எதிரான முறையில். தோட்டத்து லயங்களிலும், பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே குடியிருப்புகளிலும் சிமெண்டுத் தரைதான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஈர்க்குமாற்றால் தேய்த்து, வாசல் வழியே கால்வாய்க்குத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. அந்த வீடுகளுக்கு அது சரியான முறை. தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்தது, சன்னல்கள் எதிரெதிரே இருந்தன, கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடியது, வெயில் நேராக வாசலில் விழுந்தது. ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். இன்று நம்மில் பெரும்பாலோர் இருப்பது அடுக்குமாடி வீட்டிலோ கொண்டோவிலோ இடைவெளியில்லாத இணைப்பு வீட்டிலோ. அந்த வீடுகளின் கூடத்தில் தண்ணீர் போக வழியே கிடையாது. சமையலறை கபினெட்டின் அடிப்பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது. அதன் ஓரம் நான்கைந்து முறை நனைந்தால் உப்பி, மேல்தாள் உரிந்து, பிறகு எந்தத் தைலம் தடவினாலும் பழைய நிலைக்கு வராது. தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கசிந்தால் வழக்கு வேறு. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, குறை மேல்வீட்டில் இருப்பதாகத்தான் முதலில் கொள்ளப்படும். இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியது மேல்வீட்டுக்காரரின் பொறுப்பு. வீடு மாறிவிட்டது, கை மட்டும் லயத்து வாளியை விடவில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நாம் ஆண்டுக்கொரு முறை வீட்டைப் புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்வது தீபாவளிக்கு முன்னால். அது அக்டோபர், நவம்பர். கோலாலம்பூரில் ஏப்ரலை விட்டால் மழை மிகுந்த மாதங்கள் அவைதான். பிற்பகல் மூன்று மணிக்கு இடி இடித்து இருட்டுகிற நாள்களில், திரைச்சீலை, மெத்தை உறை, தரை விரிப்பு, சுவர் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நனைக்கிறோம். பண்டிகை முடிந்து இரண்டு வாரத்தில் அலமாரியின் பின்புறம் நாறத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய துவைப்பு வேலைகளைப் பிப்ரவரியிலோ, ஜூன் ஜூலையிலோ வைத்துக்கொண்டு, தீபாவளிக்குத் துடைப்பும் அடுக்கலும் மட்டும் மிச்சம் வைத்தால் பண்டிகையும் இலேசாகும், வீடும் காயும்.

கருவிகளுக்கு வருவோம். கடந்த அரை நூற்றாண்டில் வீட்டுச் சுத்தத்தை உண்மையிலேயே மாற்றிய பொருள் மைக்ரோஃபைபர் துணிதான் என்பது என் தீர்மானமான கருத்து. 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகாமோட்டோ மிக மெல்லிய இழையை உருவாக்கினார். முதலில் அது செயற்கை மென்தோல் செய்யத்தான் பயன்பட்டது, துடைக்கும் துணியாகப் பிறகு வந்தது. பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த ஓர் இழையை நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளப்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. பருத்தி நூல் உருண்டை, ஆகையால் அழுக்கை முன்னே தள்ளிக்கொண்டு போகும். பிளந்த இழைக்குக் கூர்மையான விளிம்புகளும் இடுக்குகளும் உண்டு. எண்ணெய்ப் படலத்தை அந்த விளிம்பு சுரண்டி எடுக்கும், இடுக்கு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் கண்ணாடியில் படிந்த விரல் ரேகையை இந்தத் துணி சவர்க்காரம் இல்லாமல் வெறும் ஈரத்தாலேயே எடுத்துவிடுகிறது. எடுத்த ஈரத்தைத் தானே வைத்துக்கொள்வதால் மேற்பரப்பு ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். நம் ஊருக்கு வேண்டியது அந்தக் குணம்தான்.

ஆனால் பலர் இதை வாங்கி, பழைய பனியன் துணியைப் போலவே வாளியில் முக்கிப் பிழிந்து பயன்படுத்திவிட்டு, ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் இடுக்குகள் தண்ணீரால் நிரம்பிவிடும். அழுக்குக்கு அங்கே இடம் இருக்காது. துணியைக் கையால் இறுகப் பிழிந்தபின் உள்ளங்கையில் ஈரம் ஒட்டுகிறதா இல்லையா என்ற பதத்தில் இருக்க வேண்டும். அல்லது துணியைக் காய்ந்தபடியே வைத்துக்கொண்டு, மேசை மேல் இரண்டு முறை மட்டும் தண்ணீரைத் தெளிப்பானால் தெளிக்கலாம். துணியைப் பாதியாக மடித்து, மீண்டும் பாதியாக மடித்தால் முன்னும் பின்னுமாக எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் கறுத்தால் அடுத்ததைத் திருப்பிக்கொண்டே போகலாம், நடுவில் அலச வேண்டியதில்லை. துவைக்கும்போது மென்மையூட்டி ஊற்றக் கூடாது, அது இழைமேல் படிந்து இடுக்கை அடைத்துவிடும். குளோராக்ஸும் அதிக சூடும் இழையைக் கெடுக்கும். கழிப்பறைக்கு ஒரு நிறம், சமையலறைக்கு ஒரு நிறம், சாமி மேடைக்கு ஒரு நிறம் என்று பிரித்து வைத்தால் வீட்டில் யார் துடைத்தாலும் குழப்பம் வராது.

தரைக்கும் இதே கணக்குதான். நூல் தொங்கும் பழைய மாப்பை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி முக்கித் துடைக்கும்போது, இரண்டாவது அறைக்குப் போவதற்குள் அந்த வாளியில் இருப்பது அழுக்குத் தண்ணீர். அதைத்தான் மெல்லியதாக வீடு முழுக்கப் பூசுகிறோம். மாப்பும் குளியலறை மூலையில் ஈரமாகவே கிடந்து நாற்றம் பிடிக்கிறது. சுழல்வாளி வைத்த மாப் இதில் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது, சுழற்சி வேகத்தில் தண்ணீர் தெறித்து வெளியேறிவிடுகிறது. இன்னும் நல்லது, கழற்றி மாற்றக்கூடிய மைக்ரோஃபைபர் பட்டை போட்ட தட்டை மாப். கழுவிக் காயவைத்த மூன்று பட்டைகளை லேசாக நனைத்து எடுத்துக்கொண்டு, ஓர் அறைக்கு ஒரு பட்டை என்று துடைத்து, மூன்றையும் கடைசியில் சலவை இயந்திரத்தில் போட்டுவிடலாம். வாளியே வேண்டாம். முதுகு குனிய வேண்டாம். வாளியில் மீந்த தண்ணீரை மூலையில் விட்டு ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டவும் வேண்டாம். நாட்டில் டிங்கிச் சம்பவங்கள் அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர் என்பதை நினைவில் வையுங்கள்.

குளியலறைக்கு எளிய கருவி ஒன்று போதும்: ரப்பர் வைப்பர். கண்ணாடி துடைக்கும் இந்தக் கருவிக்கு, ஒற்றை ரப்பர் நாக்கோடு இன்று நாம் காணும் வடிவத்தில் 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் இத்தாலியிலிருந்து போன எட்டோரே ஸ்டெக்கோனே. குளித்து முடித்ததும் சுவர் டைல்ஸிலும் கண்ணாடித் தடுப்பிலும் மேலிருந்து கீழாக இழுத்து, கடைசியில் நீண்ட கைப்பிடி வைப்பரால் தரைத் தண்ணீரைத் துவாரத்துக்குத் தள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யும் வீட்டில் மாதக் கடைசியில் பிரஷ்ஷும் அமிலமுமாகக் குந்தி உட்கார்ந்து தேய்க்கும் அரை நாள் வேலை ஏறக்குறைய இல்லாமலே போகிறது. பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரமும் சவர்க்காரப் படலமும். இரண்டையும் அன்றன்றே எடுத்துவிட்டால் அது வேர் பிடிக்காது. கட்டிச் சவர்க்காரம் தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படலமாகும். உடல் கழுவும் திரவங்களில் பல அப்படிப் படிவதில்லை என்பதால், அவற்றுக்கு மாறினாலே டைல்ஸ் தேய்க்கும் வேலை குறையும்.

இங்கே தமிழ்நாட்டு உறவினர்கள் சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், குழாய் வாயில் வெள்ளையாகக் கல் படியும். அதைக் கரைக்க அமிலம் தேவைப்படுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் சிலாங்கூர் ஆறு, லங்காட் ஆறு ஆகியவற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது, மென்மையான தண்ணீர். நம் தொட்டியிலும் கழிப்பறைக் கிண்ணத்திலும் தெரியும் மஞ்சள் பழுப்புக் கறை, பழைய குழாய்களிலிருந்து வரும் இரும்புத் துருவும் வண்டலும். அதற்குக் கடுமையான அமிலம் வேண்டியதில்லை. சிட்ரிக் அமிலத்தூள் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து ஊறவிட்டால் போதும். மார்பிள் தரையிலும், மார்பிள் சில்லுப் போட்ட தெராஸோ தரையிலும் மட்டும் எந்த அமிலமும் படக் கூடாது, எலுமிச்சையும் வினிகரும் உட்பட. கல்லே கரைந்து பளபளப்பு போய்விடும்.

இனிக் குளோராக்ஸ். நம் வீடுகளில் பூஞ்சணம் என்றதும் கை தானாகப் போகும் புட்டி அது. வழவழப்பான டைல்ஸ் மேல் அது வேலை செய்யும். சுண்ணச் சாந்து பூசிய சுவர், மரம், டைல்ஸ் இடுக்குச் சிமெண்டு போன்ற உறிஞ்சும் பரப்புகளில் என்ன நடக்கிறது என்றால், மேலே நிறம் வெளுக்கிறது, கலந்திருக்கும் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, சில வாரத்தில் அதே இடத்தில் மீண்டும் கறுப்பு. பூஞ்சணத்துக்கு வழக்கமான மருந்தாகக் குளோரின் திரவத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் பரிந்துரைப்பதில்லை. தேய்த்து எடுத்து, காயவைத்து, ஈரம் வரும் வழியை அடைப்பதே தீர்வு. கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தோடு குளோராக்ஸைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சிறிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைப்பான்களோடும் சேர்க்கக் கூடாது. மூக்கில் ஏறும் வாசனைதான் சுத்தத்தின் அடையாளம் என்று நம்பியே இந்தப் புட்டிகளை வரிசையாக வாங்கி அடுக்குகிறோம். கோவிட் காலத்தில் அந்த நம்பிக்கை இன்னும் தடித்தது. ஆனால் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே, நோயாளி இல்லாத வீட்டில் பரப்புகளைச் சவர்க்காரத்தால் துடைத்தாலே பெரும்பாலும் போதும் என்று தெளிவாக்கிவிட்டது.

சமையலறை வேறு உலகம். தாளிப்பு, சம்பால் வதக்கல், மீன் பொரியல் இருக்கிற வீட்டில் எண்ணெய்த் துளிகள் ஆவியோடு எழுந்து, கபினெட் மேலும் மின்விசிறி இறக்கை மேலும் படிந்து, காற்றும் சூடும் பட்டுக் கோந்தாக இறுகிவிடும். வெளிச் சமையலறை, உள் சமையலறை என்று இரண்டு வைத்து நம் நாட்டில் வீடு கட்டுவதற்கு இதுவே காரணம். இறுகிய எண்ணெயைத் தேய்த்து எடுக்க முயன்றால் கைதான் நோகும். அதற்கு வேண்டியது காரமும் சூடும் நேரமும். புகை உறிஞ்சியின் எவர்சில்வர் வடிகட்டியைக் கழற்றி, சலவைச் சோடா போட்ட கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் பிசுக்கு பாதி சவர்க்காரமாகவே மாறிக் கழன்றுவிடும். வடிகட்டி அலுமினியம் என்றால் சோடா வேண்டாம், கறுத்துப் போகும், பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போதும். அடுப்புக்குப் பின்னால் சிறிய டைல்ஸுகளை ஒட்டுவதைவிட ஒரே துண்டான கடினக் கண்ணாடியோ எவர்சில்வர் தகடோ பொருத்துவது புத்திசாலித்தனம். அழுக்கு சேர்வது டைல்ஸின் மேல் அல்ல, இடுக்கில். போர்சலைன் டைல்ஸ் தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. அதைச் சுற்றியுள்ள சிமெண்டு இடுக்கு எல்லாவற்றையும் உறிஞ்சும். புதிதாக டைல்ஸ் போடுபவர்கள் ஈரம் படும் இடத்தில் எபோக்சி நிரப்பியைக் கேட்டு வாங்குங்கள். அன்று செலவு கூடும், பிறகு ஆண்டுக்கணக்கில் பழைய பல் பிரஷ்ஷோடு தரையில் உட்கார வேண்டியிருக்காது.

மஞ்சள் கறையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மஞ்சள் பட்ட வெள்ளைத் துணியில் சவர்க்காரம் போட்டதும் கறை சட்டென்று இரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பதறி, இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள் உண்டு. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். குங்குமம் செய்ய மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்க்கும் அதே வேதியியல்தான் இது. அலசினால் மறுபடி மஞ்சளாகும். குர்குமினுக்கு எதிரி வெயில். துவைத்த துணியை ஈரத்தோடு நேர் வெயிலில் போட்டால் ஒன்றிரண்டு நாளில் கறை தானாக வெளிறிவிடும். வெயில் வராத மாடியில் இருப்பவர்கள் ஆக்சிஜன் வெளுப்புத் தூளை வெந்நீரில் கரைத்து ஊறவைக்கலாம். வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை போட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் கல்லை ஒட்டுவது பிசின், அந்தப் பிசின் மஞ்சளைப் பிடித்துக்கொள்ளும், சூடான சட்டியையும் தாங்காது. நம் சமையலுக்கு வெளிர் சாம்பலோ புள்ளி போட்ட நிறமோ ஏற்றது.

சாமி மேடையிலும் ஈரம்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிலானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் வாங்கும் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது பழைய முறை என்று ஒதுக்க வேண்டியதில்லை. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் மேலுள்ள ஆக்சைடைக் கரைக்கிறது, சிட்ரிக் அமிலத் தூளும் அதையே செய்கிறது. பெரும்பாலோர் தவறவிடுவது அடுத்த படியை. துலக்கியதும் விளக்கை வடியவிட்டு அப்படியே வைத்துவிட்டால், ஒட்டிய தண்ணீரும் மீந்த புளியும் சேர்ந்து சில நாளில் மீண்டும் கறுப்புப் புள்ளி போடும். சோப்புத் தண்ணீரில் அலசி, மைக்ரோஃபைபரால் ஒற்றி, மின்விசிறிக்கடியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மேடையில் ஏற்றுங்கள். பளபளப்பு எத்தனை நாள் நிற்கிறது என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். சுவரில் படியும் விளக்குக் கரியைத் தண்ணீரால் தேய்த்தால் பரவும். முதலில் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் ஈரத் துணி. மெலமின் நுரையான மேஜிக் ஸ்பாஞ்ச் கரியை நன்றாக எடுக்கும். ஆனால் அது மிக நுண்ணிய உப்புத்தாள் போன்றது, பளபளப்புச் சாயத்தில் தேய்த்தால் மங்கல் திட்டு விழும்.

தூசியைப் பொறுத்தவரை புகைமூட்டக் காலம் தனிப் பாடம். 2005 ஆகஸ்டு 11 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசர நிலையே அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாள்களில் துடைப்பத்தால் பெருக்கினால் நுண்துகள் எழும்பி மூக்குக்குத்தான் போகும். எச்.இ.பி.ஏ. வடிகட்டி வைத்த தூசி உறிஞ்சி 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். அது இல்லாதவர்கள் பெருக்குவதை நிறுத்திவிட்டு ஈரப் பதத் துணியால் துடைத்தால் போதும். தானாக ஓடும் ரோபோ உறிஞ்சி, தினமும் தலைமுடியும் தூசியும் சேரும் டைல்ஸ் கூடத்துக்கு நல்ல உதவி, மூலைக்கும் படிக்கும் அது உதவாது.

இத்தனையும் கேட்டபின் பெரியவர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு: தண்ணீர் ஊற்றிக் கழுவாத வீடு சுத்தமான வீடா? இதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. தண்ணீர் நமக்கு அழுக்கை மட்டுமல்ல, தீட்டையும் போக்குவது. வாசல் தெளிப்பதும், இறப்பு வீட்டைக் கழுவுவதும் அந்த உணர்விலிருந்து வந்தவை. அவற்றை விட வேண்டியதில்லை. வாசலும் வெளிச் சமையலறையும் குளியலறைத் தரையும் கழுவக் கட்டியவையே. கழுவுங்கள், கழுவியபின் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள். நான் மறுப்பது, வடிகால் இல்லாத அறையில் தண்ணீரை ஊற்றி, சவர்க்காரத்தோடு தானாகக் காயவிடுவதை. அங்கே அழுக்கு வெளியே போகவில்லை, கரைந்து தரையிலேயே படலமாகக் காய்ந்திருக்கிறது. அடுத்த நாள் தூசி அதில்தான் ஒட்டுகிறது. தண்ணீர் எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே பலமுறை உடைந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் மாசுபட்டபோது சிலாங்கூர் ஆற்றைச் சார்ந்த சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. ஒரு தெளிப்பான் தண்ணீரில் கூடத்தைச் சுத்தம் செய்யத் தெரிந்த வீடு அந்த நாள்களில் தவிக்காது.

வாளிகள் மட்டும் போதாமல், தண்ணீரைப் பீய்ச்சியடித்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவின் வீடுகளில் நின்ற சேற்றை எந்த மைக்ரோஃபைபரும் எடுத்திருக்காது. அங்கே அழுத்த நீர்க்குழாய்தான் கருவி. சேறு ஈரமாக இருக்கும்போதே அடித்துத் தள்ள வேண்டும், காய்ந்தால் சுவரோடு சுவராகிவிடும். அதன்பின் நேரத்தோடு பந்தயம். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் தொடங்கிவிடும். மெத்தை, மரத்தூள் பலகை கபினெட் போன்றவற்றைக் காப்பாற்ற முயல்வதைவிட வெளியே போடுவதே உடல்நலத்துக்கு நல்லது. எவர்சில்வர், கண்ணாடி, கனமான மரம் தேறும்.

இரண்டாவது மறுப்பு சுற்றுச்சூழலைப் பற்றியது, அதில் உண்மை இருக்கிறது. மைக்ரோஃபைபர் பிளாஸ்டிக்தான். ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகள் கழன்று ஆற்றுக்குப் போகின்றன. நாம் குடிப்பதும் ஆற்றுத் தண்ணீர் என்பதால் இதை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மலிவான துணியைக் கட்டுக்கட்டாக வாங்கி எறியாமல், நெசவு இறுக்கமான சிலவற்றை ஆண்டுக்கணக்கில் வைத்திருங்கள். தினம் துவைக்காமல், அழுக்கானபோது மட்டும் குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் காயவையுங்கள். கொட்டிய குழம்பையும் தரைச் சேற்றையும் எடுக்கப் பழைய வேட்டித் துணியே சிறந்தது. கண்ணாடி, பிசுக்கு, தூசி என்ற மூன்றுக்கு மட்டும் மைக்ரோஃபைபரை எடுத்தால் போதும். கடுமையான திரவப் புட்டிகள் குறைவதையும் இந்தத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. கருவி வந்ததால் வீட்டு வேலை குறைந்ததா? அமெரிக்காவில் ஜோஆன் வானெக் 1974இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1920களில் வெளி வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். சலவை இயந்திரமும் தூசி உறிஞ்சியும் வந்துவிட்ட 1960களில் அது 55 மணி நேரம். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் இதற்குக் காரணத்தை விளக்கினார்: வேலை எளிதானதும் எதிர்பார்ப்பு உயர்ந்தது, முன்பு மற்றவர்கள் செய்த பங்கும் அம்மாவின் தலையில் வந்து சேர்ந்தது. நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது. ரோபோ வாங்கிய வீட்டில் அதற்கு முன்னால் நாற்காலிகளைத் தூக்கிவைப்பதும் பிறகு அதன் பிரஷ்ஷில் சுற்றிய முடியை வெட்டி எடுப்பதும் ஒருவரே. ஆகவே வேலையை வேகமாக முடிக்கும் கருவியைவிட, வேலையே பிறக்காமல் தடுக்கும் பொருளுக்குத்தான் பணம் போட வேண்டும் என்கிறேன். காற்றோட்ட விசிறி, இடுக்கில்லாத சுவர்த்தகடு, எபோக்சி, ஏசியின் உலர்த்தும் முறை, அலமாரிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா ஆகியவை யாருடைய கையையும் கேட்காமல் இரவும் பகலும் வேலை செய்பவை. வைப்பருக்குப் பலமோ பயிற்சியோ வேண்டாம். கடைசியாகக் குளித்தவர் இழுத்துவிட்டு வர வேண்டும் என்று வீட்டில் ஒரு விதி வைத்தால், பத்து வயதுப் பிள்ளையும் அப்பாவும் அதில் பங்கெடுத்தே தீர வேண்டும்.

வாங்கும் வரிசை இதுதான். முதலில் குளியலறைக்கு இரண்டு வைப்பர், ஒன்று சுவருக்கு, ஒன்று தரைக்கு. பிறகு மூன்று நிறத்தில் மைக்ரோஃபைபர் துணி, ஒரு தெளிப்பான், ஒரு பொட்டலம் சிட்ரிக் அமிலம், ஒரு பொட்டலம் சலவைச் சோடா. பேட்டையிலுள்ள எந்த வீட்டுப் பொருள் கடையிலும் இவை கிடைக்கும், மொத்தமும் நல்ல பிராண்ட் திரவப் புட்டிகள் சிலவற்றின் விலைக்குள் அடங்கும். தட்டை மாப் அடுத்த மாதம். ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்றைப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, எண் 70க்கு மேலேயே நிற்கிறது என்றால் மட்டும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைப் பற்றி யோசியுங்கள். தூசி உறிஞ்சி வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவசியம், இல்லையென்றால் அவசரமில்லை. அதுவரை புதிய திரவப் புட்டி எதையும் வாங்காதீர்கள். இருப்பதை முதலில் தீருங்கள்.